ஐப்பசி மழைக்குச் சூடாக ஒரு தட்டு: வாடகை வீட்டில் சமைக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு

மலேசியப் பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் அக்டோபர் வாக்கில் தொடங்கும்போது மழையும் கூடவே வந்துவிடும். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு கொட்டும்; பினாங்கில் செப்டம்பரிலேயே பிடித்துக்கொள்ளும். வகுப்பு முடிந்து பாதி நனைந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்குச் சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் உடம்பு நிலைக்கு வரும். அந்த நேரத்தில் தப்பாவ் (கடைப் பொட்டலச் சாப்பாடு) வாங்கக் கிளம்புவதும் சிரமம். தினமும் வாங்கினால் மாதக் கடைசியில் கையில் வெள்ளியும் இருக்காது.

அடுப்பே பற்றவைத்துப் பழகாதவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நிறைய சமையல் குறிப்புகளை ஒரே நேரத்தில் தேடி ஓட வேண்டாம். சோறு ஒழுங்காக வேக வேண்டும், பருப்பு குழைய வேண்டும், தாளிப்பு கருகாமல் வர வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பசியாற அதுவே போதும். புரட்டாசியில் சைவம் இருப்பவர்களுக்கும் கந்த சஷ்டி விரதக்காரர்களுக்கும் ஏற்ற மாதிரி சைவத்தை முன்னால் வைத்து, சாடினையும் கோழி சூப்பையும் பின்னால் தள்ளியிருக்கிறோம்.

சமைக்கும் முன்: இடமும் மின்சாரமும்

வளாக விடுதியில் இருப்பவர்கள் முதலில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எதற்கும் அனுமதி இல்லை. மாடிக்கு மாடி பொதுச் சமையலிடம் இருந்தால் அங்கே செய்யலாம். ஒளித்து வைத்துச் சமைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். படுக்கைக்குப் பக்கத்தில் கொதிக்கும் பானையை வைத்திருப்பது உண்மையிலேயே ஆபத்து.

வாடகை வீடென்றால், நீட்டிப்புக் கம்பியைக் கவனியுங்கள். இங்குள்ள மூன்று முள் பிளக் 13 ஆம்பியருக்கானது. ஏறக்குறைய 3000 வாட் வரை தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே 2000 வாட் இழுக்கும், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இன்னொரு 2000 கேட்கும். இரண்டையும் ஒரே நீட்டிப்பில் செருகினால் பிளக் சூடாகி உருகும். இண்டக்‌ஷனைச் சுவரில் நேராகச் செருகுங்கள். சாதாரண ரைஸ் குக்கர் 300, 400 வாட்தான். அதனால் பெரிய தொல்லை இல்லை.

இடி பலமாக இடித்தால் மின்பலகையில் இ.எல்.சி.பி. சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பது) விழுந்துவிடுவது இந்த ஊரில் சாதாரணம். சோறு வெந்துகொண்டிருக்கும்போது விழுந்தால் மூடியைத் திறக்காதீர்கள். கீழே அமுக்கும் பட்டன் வைத்த பழைய மாதிரி குக்கர், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஜிட்டல் குக்கரில் மறுபடி அமுக்க வேண்டியிருக்கலாம், போய்ப் பாருங்கள். மழை நின்ற பிறகும் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால், எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. அடிப்பகுதி நனைந்த கெட்டில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

என்னென்ன வாங்குவது

பாத்திரம் அதிகம் வேண்டாம். 1 லிட்டர் ரைஸ் குக்கர் ஒன்று. 0.6 லிட்டர் குக்கர் விலை குறைவு, ஆனால் கஞ்சி வைத்தால் பொங்கி மேசையெல்லாம் வழியும். மூடியோடு 2 லிட்டர் பானை ஒன்று, தாளிக்கச் சின்ன வாணலி ஒன்று, கத்தி, வெட்டும் பலகை, மரக் கரண்டி, மூடி இறுகும் டப்பா நாலு. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் பானையின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். ஒட்டாத பானை அதில் சூடேறாது.

குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. பிடிக்கும். கீழே கப் என்று வரும் இடமெல்லாம் இந்தக் கப்தான். வேறு கோப்பையில் அளந்தால் தண்ணீர்க் கணக்கு மாறிப்போகும்.

மளிகைக்குக் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா. பினாங்கில் லெபு பசார் பக்கத்து லிட்டில் இந்தியா. காய்கறி, மீன், கோழிக்கு அக்கம்பக்கத்துப் பசார் காலையில் மலிவு. கோலாலம்பூரின் சௌக்கிட், பினாங்கின் சௌராஸ்தா போன்ற பெரிய பசார்களில் இன்னும் நிறைய கிடைக்கும். முதல் முறை வாங்க வேண்டியவை: அரிசி 2 கிலோ, மைசூர் பருப்பு 500 கிராம், பச்சைப்பயறு 500 கிராம், புளி, மஞ்சள்தூள், மிளகு, சீரகம், கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், மீன் கறித்தூள் சின்னப் பாக்கெட், உப்பு, எண்ணெய். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, கறிவேப்பிலை வாரா வாரம்.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறோம். கடையில் வெறுமனே "அசாம்" என்று கேட்டால் காய்ந்த துண்டுகளாக அசாம் கெப்பிங் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது மீன் குழம்புக்குப் பொருந்தும், ரசத்துக்கு ஆகாது. கட்டியாக இருக்கும் புளிக்கு "அசாம் ஜாவா" என்று கேளுங்கள். இரண்டாவது, கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்திலேயே டவுன் சூப் (சீனச் செலரி) கட்டும் கிடக்கும். இலை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கிள்ளி முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். டவுன் சூப் சூப்புக்கு அருமை, ரசத்தில் போட்டால் வாசனை கெட்டுவிடும்.

இந்த ஈரக்காற்றில் எதையும் பெரிய மூட்டையாக வாங்காதீர்கள். அரிசியில் வண்டு வைக்கும், கறித்தூள் கட்டி தட்டும், காய்ந்த மிளகாயில் பூசணம் பூக்கும். காய்ந்த மிளகாயும் நெத்திலியும் குளிர்பெட்டியில் இருக்கட்டும். கறித்தூளைக் கொதிக்கும் பானைக்கு மேலே பாக்கெட்டோடு கவிழ்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆவி உள்ளே போய் மிச்சத் தூள் முழுக்கக் கட்டியாகிவிடும். கறிவேப்பிலையைக் கழுவாமல் டிஷ்யூ தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும்.

சோறு

ஒருவருக்கு ஒரு நேரத்துக்கு முக்கால் கப் அரிசி தாராளம். ஒரு கப் வைத்தால் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வரும்.

அரிசிக்கு அரிசி தண்ணீர் மாறும். உள்ளூர் வெள்ளை அரிசி ஒரு கப்புக்கு ஒன்றரை கப் தண்ணீர், பாஸ்மதிக்கும் அதே ஒன்றரை, பொன்னிப் பச்சரிசிக்கு 2 கப், பொன்னிப் புழுங்கலுக்கு இரண்டரை. விரலை விட்டு ஒரு கணு அளவு தண்ணீர் என்று வீட்டில் சொல்வார்கள். ஐந்தாறு பேருக்கு வைக்கும்போது அது சரியாக வரும். ஒரு கப் அரிசிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, குக்கரின் அகலத்தைப் பொறுத்துச் சோறு குழைந்தோ விறைத்தோ போகும். கப்பால் அளந்தே ஊற்றுங்கள்.

அரிசியை மூன்று முறை கழுவி, குக்கரின் உள்பானையை வெளிப்புறம் துணியால் துடைத்து வையுங்கள். துடைப்பதில் காரணம் இருக்கிறது. சூட்டுத் தட்டின் நடுவில் இருக்கும் சின்னப் பொத்தான்தான் பானையின் சூட்டை அளக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பானை 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், உடனே சுவிட்ச் மேலே எழும்பும். பொத்தானுக்கும் பானைக்கும் இடையில் ஒரு பருக்கை கிடந்தால்கூட அந்த அளவு தப்பி, சோறு அரைவேக்காடாகவோ அடிப்பிடித்தோ வரும்.

சுவிட்ச் எழும்பிய பிறகு 10 நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். மேலும் கீழும் வெவ்வேறு பதத்தில் இருக்கும் சோறு அந்த நேரத்தில்தான் ஒரே பதத்துக்கு வரும். பிறகு மரக் கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிடுங்கள்.

மீந்த சோற்றை இரவு முழுக்கச் சமையல் மேடையில் விட்டுவிடக் கூடாது. அரிசியோடு வரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. இங்குள்ள 28, 30 டிகிரிச் சூட்டில் சோறு கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுநாள் சூடாக்கினாலும் போகாது. வாந்தி அதனால்தான் வருகிறது. சமைத்து 2 மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும்.

பருப்பு: ஒரு முறை வேகவைத்து மூன்று நாளைக்கு

துவரம் பருப்பு ருசிதான். ஆனால் பிரஷர் குக்கர் இல்லாமல் அதைக் குழைய வைக்க ஒரு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் நிற்க வேண்டும். மாணவர்களுக்கு மைசூர் பருப்புதான் சரி. ஊறவைக்க வேண்டாம், 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

1. ஒரு கப் பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவுங்கள்.
2. பானையில் 4 கப் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், பூண்டு 3 பல், ஒரு தேக்கரண்டி எண்ணெய். பருப்பைப் போட்டு நடுத்தரச் சூட்டில் கொதிக்க விடுங்கள்.
3. நுரை பொங்கி வரும். கரண்டியால் எடுத்துவிட்டு, மூடியைச் சாய்வாக வைத்து, சூட்டைக் குறைத்து 18 முதல் 20 நிமிடம்.
4. கரண்டியின் முதுகால் பானை ஓரத்தில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். மசிந்த பிறகு உப்பு.

இந்த அளவுக்கு ஏறக்குறைய மூன்றரை கப் வெந்த பருப்பு கிடைக்கும். புளியோ தக்காளியோ முன்னாலேயே போட்டுவிட்டால் பருப்பு எத்தனை நேரமானாலும் முழுதாகவே நிற்கும். புளிப்பு அதன் சதையை இளக விடாது. "பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று வீட்டுக்குப் போன் போடும் பிள்ளைகளுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் 3 நாள் நிற்கும். குளிர்ந்ததும் கெட்டியாக உறைந்துபோகும், பயப்பட வேண்டாம். சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினால் இளகிவிடும்.

தாளிப்பு

சின்ன விஷயம்தான், ஆனால் ருசி முழுக்க இதில் இருக்கிறது. வாணலி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். 2 தேக்கரண்டி எண்ணெயைக் காயவிட்டு, ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். உடனே குமிழிட்டு மேலே வந்தால் எண்ணெய் தயார். சும்மா அடியில் கிடந்தால் இன்னும் காயவில்லை. அந்தச் சூட்டில் கடுகு முழுவதையும் கொட்டினால் வெடிக்காமல் ஊறிக் கசக்கும்.

அரைத் தேக்கரண்டி கடுகைப் போட்டு மூடியால் பாதி மறையுங்கள். படபடவென்று வெடிக்கும் சத்தம் குறையத் தொடங்கியதும் காய்ந்த மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டு, அரைத் தேக்கரண்டி சீரகம். மிளகாய் அடர்சிவப்புக்குத் திரும்பும்போது கறிவேப்பிலை. இலையைக் கழுவியிருந்தால் துடைத்துப் போடுங்கள், ஈரம் எண்ணெயில் பட்டால் கையில் தெறிக்கும். கடைசியாக ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டு உடனே பருப்பில் கொட்டுங்கள். கடுகிலிருந்து பெருங்காயம்வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடுகு வெடித்த பிறகு பெருங்காய டப்பாவைத் தேடினால் கருகிவிடும். கருகிய வாடை வந்தால் தயங்காமல் ஆறவிட்டுக் கீழே கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள். இரண்டு கரண்டி எண்ணெய்க்காக ஒரு பானைப் பருப்பைக் கெடுக்க வேண்டாம்.

அடுப்பு இல்லாமல் ரைஸ் குக்கர் மட்டும் இருப்பவர்களும் அதிலேயே தாளிக்கலாம். உள்பானையில் எண்ணெய் ஊற்றிச் சுவிட்சை அமுக்குங்கள். தண்ணீர் இல்லாததால் இரண்டு மூன்று நிமிடத்தில் அது எழும்பிவிடும், அதற்குள் வெடிக்க வேண்டியது வெடித்துவிடும். சுவிட்ச் எழும்பாமல் இருக்கக் கரண்டியைச் செருகி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பானையின் பூச்சு கருகும், குக்கரும் எரிந்துபோகும்.

மிளகு ரசம்

தொண்டை கரகரக்கும் நாளில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதை வையுங்கள். மூன்று நான்கு வேளைக்கு வரும் அளவு:

நெல்லிக்காய் அளவு புளியை ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு 4 பல் தோலோடு. மூன்றையும் நசுக்க வேண்டும். இடிகல் இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, அடி தடித்த கண்ணாடிக் குவளையால் பலகையின் மேல் வைத்துத் தட்டுங்கள். தூளாக்க வேண்டாம், ஒன்றிரண்டாக உடைந்தால் போதும்.

புளித்தண்ணீரோடு இன்னொரு கப் தண்ணீர், கையால் பிசைந்த தக்காளி ஒன்று, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். புளியின் பச்சை வாடை போக 7, 8 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு இந்த இடத்தில் இறக்கினால் ரசம் நாக்கில் பிடிக்கும். பிறகு நசுக்கியதைப் போட்டு, அரைக் கப் வெந்த பருப்பை ஒரு கப் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

இனிமேல் பானையை விட்டு நகரக் கூடாது. சூட்டைக் குறைத்து நில்லுங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன நுரையாகத் தொடங்கி, அது நடுவை நோக்கி மூடிக்கொண்டு வந்து, மேற்பரப்பு முழுவதும் வெளிர் மஞ்சளாக உப்பி எழும்பும். அந்தக் கணத்தில் அடுப்பை அணையுங்கள். தளதளவென்று கொதித்துவிட்டால் மிளகு, சீரகத்தின் வாசனை ஆவியோடு போய், காரமும் கசப்பும்தான் மிஞ்சும். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, தாளித்ததைக் கொட்டி, 5 நிமிடம் மூடி வையுங்கள்.

புளிப்பு தூக்கலாகிவிட்டால் அரைக் கப் சுடுதண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி சீனி. மறுபடி சூடாக்கும்போதும் நுரை கட்டியதும் நிறுத்துவதுதான் முறை.

பரங்கிக்காய்ப் பருப்பு

பசாரில் பரங்கிக்காயைத் துண்டு போட்டு விற்பார்கள், அரைக் கிலோத் துண்டு போதும். வீட்டுக்கு வந்ததும் விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எறிந்துவிடுங்கள். அழுகல் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். சுற்றி வைத்தால் 4 நாள் தாங்கும்.

பாதியை எடுத்து, தோலைச் சீவி, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு வெங்காயத்தையும் ஒரு பச்சைமிளகாயையும் எண்ணெயில் வதக்கி, காயைப் போட்டு, முக்கால் கப் தண்ணீரும் கால் தேக்கரண்டி மஞ்சளும் சேர்த்து மூடினால் 10 நிமிடத்தில் வேகும். 2 கப் வெந்த பருப்பை ஊற்றி இன்னும் 5 நிமிடம், உப்பு, மேலே தாளிப்பு. காயை ரொம்பச் சின்னதாக வெட்டினால் கரைந்து இனிப்பாகிவிடும். கரைந்துவிட்டால் ஒரு கரண்டி புளித்தண்ணீர் விட்டுச் சமன் செய்யலாம். பரங்கிக்காய் கிடைக்காத வாரம் கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எதையும் இதே வகையில் செய்துகொள்ளுங்கள்.

கஞ்சியும் நெத்திலியும்

காய்ச்சல் வந்தால்தான் கஞ்சி என்று நினைப்பவர்கள் மழை நாளில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அரைக் கப் உள்ளூர் வெள்ளை அரிசி, 4 கப் தண்ணீர், கட்டை விரல் அளவு இஞ்சி நறுக்கியது, பூண்டு 3 பல், அரைத் தேக்கரண்டி வெந்தயம், முடிச்சுப் போட்ட பண்டான் இலை ஒன்று, ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு அமுக்குங்கள்.

கொதி வந்ததும் மூடியில் ஒரு மரக் கரண்டியைக் குறுக்கே வைத்துச் சாய்வாக மூடுங்கள். அரிசி மாவுச்சத்தின் நுரை காற்றுப்போக மாட்டாமல்தான் பொங்கி வழிகிறது. அரிசியை நன்றாகக் கழுவினால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். 35 முதல் 40 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடியைக் கிளறிவிட வேண்டும். தண்ணீர் நிறைய இருப்பதால் கஞ்சிக்குச் சுவிட்ச் தானாக எழும்பாது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும். ஆறினால் இறுகும், ஆகவே சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள். உப்பு கடைசியில்.

தொட்டுக்கொள்ள நெத்திலி. ஈக்கான் பீலிஸ் வாங்கும்போது தலையும் குடலும் எடுத்துப் பிளந்த "கோப்பேக்" வகை விலை கூடுதல், ஆனால் சுத்தம் செய்யும் வேலை மிச்சம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் சட்டென்று அலசி, தாளில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போதே போட்டு, குறைந்த சூட்டில் 4, 5 நிமிடம் கிளறிக்கொண்டே பொரியுங்கள். பொன்னிறம் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் அது முறுகிக்கொண்டே போகும். அதே எண்ணெயில் நறுக்கிய வெங்காயமும் காய்ந்த மிளகாய் இரண்டும் வதக்கி, நெத்திலியைத் திரும்பப் போட்டுப் பிரட்டுங்கள். உப்புப் போடாதீர்கள், மீனிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு ஊறுகாயும் சுட்ட அப்பளமும் போதும்.

சாடின் குழம்பு

அலமாரியில் 155 கிராம் டின் ஒன்று எப்போதும் இருக்கட்டும். வெளியே இறங்க முடியாத மழை நாளில் இதுதான் கைகொடுக்கும்.

2 தேக்கரண்டி மீன் கறித்தூளை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். தூளாக எண்ணெயில் போட்டால் ஒரு நொடியில் கருகும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம் ஒன்று, பூண்டு 2 பல், கறிவேப்பிலை வதக்கி, குழைத்த தூளை ஊற்றிக் குறைந்த சூட்டில் கிளறுங்கள். விழுது உருண்டு ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிய வேண்டும். 3, 4 நிமிடம் ஆகும். அதுவரை பொறுக்காவிட்டால் குழம்பில் பச்சைத் தூள் வாடை அடிக்கும். டின்னில் உள்ள தக்காளிச் சாறு, அரைக் கப் தண்ணீர், கொஞ்சம் புளிக்கரைசல் ஊற்றிக் கொதி வந்ததும் மீனை மெதுவாக வைத்து 5 நிமிடம். கரண்டி போடாதீர்கள், வாணலியை ஆட்டிவிட்டால் போதும். உப்பை ருசி பார்த்துப் போடுங்கள். மீன் வேண்டாதவர்கள் தெம்பேயை (புளிக்கவைத்த சோயாக் கட்டி) மெல்லியதாக வெட்டிப் பொரித்து, 2 தக்காளி சேர்த்து இதே குழம்பில் போடலாம்.

கோழி சூப்பும் மீஹூனும்

எலும்போடு 300 கிராம் கோழி, பச்சைத் தண்ணீர் 1.2 லிட்டர். கொதிக்கும் தண்ணீரில் கறியைப் போட வேண்டாம். பச்சைத் தண்ணீரிலிருந்து மெதுவாகச் சூடேறினால்தான் எலும்பின் சாறு நன்றாக இறங்கும். கொதி வந்ததும் மேலே சேரும் சாம்பல் நிற நுரையை எடுத்துவிட்டு, பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று, கிராம்பு 3, ஏலக்காய் 2, நசுக்கிய இஞ்சி, பூண்டு, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, நாலாக வெட்டிய வெங்காயம். மசாலாவை ஒவ்வொன்றாக வாங்க மனமில்லையென்றால், துணி முடிச்சாகக் கட்டி விற்கும் சூப் பொட்டலம் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

மெல்லிய கொதியில் 20 நிமிடம், பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு இன்னும் 20 நிமிடம். பெருங்கொதியில் விட்டால் சூப் கலங்கிப்போகும், கறியும் நார்நாராகும். உப்பு இறுதியில். மீஹூனை (அரிசிச் சேமியா) ஒருவருக்கு 50 கிராம் வீதம் தனியாக வெந்நீரில் 3 நிமிடம் ஊறவைத்து வடித்து, மங்கில் (கிண்ணத்தில்) வைத்து, சூப்பை மேலே ஊற்றுங்கள். சூப்புப் பானையிலேயே மீஹூனைப் போட்டால் அரை மணியில் சாறு முழுவதையும் குடித்துக் களியாகிவிடும். பொரித்த வெங்காயமும் டவுன் சூப்பும் தூவினால் நிறைவாக இருக்கும்.

கோழி வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் அதில் வெட்டாதீர்கள்.

இனிப்பாக: பச்சைப்பயறுக் கஞ்சி

அரைக் கப் பச்சைப்பயற்றை மூன்று மணி நேரம் ஊறவைத்து, 4 கப் தண்ணீரும் பண்டான் இலையும் சேர்த்து 35, 40 நிமிடம் வேகவையுங்கள். பயறு வெடித்து உள்ளே மாவாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சீனி போட்டால் பயறு விறைத்து நின்றுவிடும். வெந்த பிறகு 70 கிராம் குலா மலாக்காவைச் (தென்னை வெல்லம்) சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. கரைந்ததும் சூட்டைக் குறைத்து, பெட்டியில் வரும் சந்தான் (தேங்காய்ப்பால்) 100 மி.லி. ஊற்றி, ஓரத்தில் ஆவி கிளம்பும்போதே அணைத்துவிடுங்கள். கொதித்தால் எண்ணெயும் தண்ணீருமாகத் திரிந்துபோகும்.

சந்தான் சேர்த்தது இந்தச் சூட்டில் வெளியே வைத்தால் சில மணி நேரத்திலேயே புளிக்கும். மறுநாளைக்கும் வேண்டுமென்றால் பாதிப் பயற்றைச் சந்தான் ஊற்றாமல் தனியாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், சூடாக்கும்போது ஊற்றிக்கொள்ளலாம். பெட்டியில் மிச்சமுள்ள சந்தானைச் சின்ன டப்பாவில் மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளைக்குள் தீர்க்க வேண்டும்.